புயலில் சாய்ந்த தென்னையை அறுப்பது எப்படி?

ஐப்பசி பிறந்தாலே கடலோர மாவட்டங்களில் தோப்பு வைத்திருப்போர் வானத்தைப் பார்த்தபடியே நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் முப்பது நாற்பது ஆண்டுத் தென்னைகளை ஒரே இரவில் படுக்கப் போட்டது. அந்நாட்களில் ஊருக்கு ஊர் கேட்ட சத்தம் மரம் அறுக்கும் மிஷினின் சத்தம்தான். அதுவரை கோடரியும் இழுவை ரம்பமும் பிடித்த கைகள், ஒரே நாளில் விசைச் சங்கிலி வாளைப் பிடித்தன.

கஜாவுக்குப் பின் நான் போன ஒரு தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வேரோடு பாதி பெயர்ந்து சாய்ந்த தென்னை ஒன்றை அடியில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தூர் பெயர்ந்த குழியில் இறங்கி ஓர் இளைஞர் மட்டைகளை அள்ளிக்கொண்டிருந்தார். தண்டு அறுபட்டு விழுந்த அதே நொடியில், மண்ணோடு தூக்கி நின்ற தூர் பழைய இடத்துக்கே திரும்பி உட்கார்ந்தது. கால் அதன் அடியில் சிக்கிக்கொண்டது. "புயலுக்குத் தப்பிச்ச பிள்ளை, விழுந்து கிடந்த மரத்துக்குத் தப்பலையே ஐயா" என்று அவருடைய தாய்மாமன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

விழுந்த மரம் அடங்கிய மரம் அல்ல. வளைந்தும், நெரிந்தும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் கிடக்கும் மரத்தில் விசை தேங்கி நிற்கிறது. வாள் பட்டதும் அந்த விசை எந்தப் பக்கம் விடுபடும் என்பதை அறுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தோப்பைச் சுற்றிப் பாருங்கள்

மிஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு முறை தோப்பைச் சுற்றி வாருங்கள். மின்கம்பி மரத்தின் மீதோ தரையிலோ கிடந்தால், மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்ததாக உறுதி செய்த பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் மட்டை, குலை, முறிந்த கொண்டை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் மரங்களை முதலிலும், சாய்ந்து நிற்பவற்றைக் கடைசியிலும் எடுத்துக்கொள்வது நல்லது. நிற்கும் மரத்தைச் சாய்க்கும்போது, அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் அறுப்பவரைத் தவிர வேறு எவரும் இருக்கக் கூடாது. கயிறு பிடிப்போருக்கும் இது பொருந்தும். ஆகவே கயிறு நீளமாக இருக்கட்டும்.

உடை

வேட்டி, கைலி, தோளில் துண்டு ஆகியவை இந்த வேலைக்கு ஆகா. சங்கிலி ஒரு நூலைப் பிடித்தால் போதும், ஆளையே இழுத்துவிடும். கெட்டித் துணியில் முழுக்கால் சட்டை, பிடிப்புள்ள பூட்ஸ், தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு ஆகியவை தேவை. சங்கிலி வாளுக்கென்றே தைத்த தொடைக் காப்புகளும் கிடைக்கின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் நார்கள் சங்கிலியில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். மிஷின் வாங்கப் பணம் வைத்திருப்போர் இதற்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

எரிபொருளும் எண்ணெயும்

இந்த மிஷினில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றில் பெட்ரோலுடன் 2டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பெரும்பாலான மிஷின்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, சிலவற்றுக்கு 40 மில்லி. உங்கள் மிஷினுக்கு எது என்பதை அதனுடன் வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

மற்றத் தொட்டி சங்கிலிக்கான எண்ணெய்க்கு. டிராக்டரில் இறக்கிய கழிவு ஆயிலை இதில் ஊற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் உள்ள இரும்புத் துகளும் கசடும் எண்ணெய் பம்பையும் தகட்டையும் தின்றுவிடும். எண்ணெய் சரியாக வருகிறதா என்பதை அறிய, ஒரு வெளிறிய பலகைக்கு நேரே, அதைத் தொடாமல், தகட்டின் முனையைக் காட்டி மிஷினை ஓட விடுங்கள். பலகையில் எண்ணெய்க் கோடு விழுந்தால் சரி.

சங்கிலியின் இறுக்கத்தை மிஷின் நின்று ஆறிய பிறகே சரிசெய்ய வேண்டும். தகட்டின் முனையைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். தகட்டின் அடிப்பக்கம் சங்கிலி தொங்கக் கூடாது. அதே நேரம், கையுறை அணிந்த கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். சூட்டில் இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கித் தகட்டையும் எஞ்சின் தண்டையும் நெரிக்கும்.

மழுங்கிய சங்கிலி ஆபத்து

கூரான சங்கிலி மரத்தைச் செதிலாகத் தள்ளும், மழுங்கியது மாவாகத் தள்ளும். மாவு கொட்டினாலும், மிஷினை அழுத்திப் பிடிக்க வேண்டி வந்தாலும், அறுப்பு ஒரு பக்கமாக ஓடினாலும் உடனே நிறுத்தி அரம் போடுங்கள். அழுத்தி அறுப்பவர் களைத்துப் போகிறார். களைத்த கை தவறு செய்கிறது.

தென்னையில் இது இன்னும் முக்கியம். தென்னை மற்ற மரங்களைப் போல நடுவில் வைரம் பாய்ந்ததல்ல. அதன் உறுதி முழுவதும் வெளிச்சுற்றில் இருக்கிறது. உள்ளே மென்மையான சோறு. அந்தக் கெட்டியான வெளிச்சுற்றும், விழுந்தபோது அதில் ஒட்டிய மணலும் பல்லை விரைவில் தின்றுவிடும். அறுக்கும் இடத்தைச் சுற்றி மண்ணைச் செதுக்கித் தள்ளிவிட்டு வாளை வையுங்கள். வாளின் முனை தரையைத் தொட்டால், ஒரு நொடியிலேயே அத்தனை பல்லும் போய்விடும்.

அரம் போடுவதற்கு உருண்டை அரம் வேண்டும். சங்கிலியின் வகைக்கு ஏற்ப 4 மி.மீ., 4.8 மி.மீ., 5.2 அல்லது 5.5 மி.மீ. என்று அரத்தின் கனம் மாறும். மிஷினைப் பிடிப்பில் பொருத்தி, பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 டிகிரிச் சாய்வில், பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேற்புறத்துக்கு மேலே தெரியட்டும். முதல் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கப் பற்கள் நீண்டும் மறுபக்கப் பற்கள் குட்டையாகவும் போனால் வாள் கோணலாக ஓடும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அளக்கிறது. நான்கைந்து தடவை அரம் போட்ட பின், அளவுத் தகடு வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் அதைச் சிறிது இறக்குங்கள். அளவுக்கு மேல் இறக்கினால் வாள் வெறி பிடித்தது போலக் கடித்துத் துள்ளும்.

கிளப்புவதும் பிடிப்பதும்

மிஷினைத் தரையில் வைத்து, முன்கைக் காப்பை முன்னே தள்ளிப் பிரேக்கைப் போட்டு, இடக்கையால் முன்பிடியை அழுத்தி, வலக்கால் நுனியைப் பின்பிடிக்குள் வைத்துக் கயிற்றை இழுங்கள். கையில் தொங்கவிட்டு இழுப்பது வீரமல்ல.

அறுக்கும்போது இரு கையாலும் பிடிக்க வேண்டும். இடக்கைப் பெருவிரல் பிடியைச் சுற்றி வளைத்திருக்கட்டும். தகட்டு முனையின் மேல் கால்பகுதி எதிலாவது தட்டினால், கண் இமைப்பதற்குள் வாள் முகத்தை நோக்கி எகிறும். ஆகையால் முனையால் அறுக்காதீர்கள். தோளுக்கு மேல் வாளைத் தூக்காதீர்கள். தலை வாளின் நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று இடப்புறம் இருக்கட்டும்.

எந்தப் பக்கம் முதலில் அறுப்பது?

தண்டின் இரு முனையும் ஊன்றி, நடுவில் அந்தரமாக இருந்தால், மேற்பக்கம் நெருக்கப்பட்டும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்துங்கள். பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்து முடியுங்கள். ஒரே மூச்சில் மேலிருந்து அறுத்தால் தண்டு வாளைக் கவ்விக்கொள்ளும்.

ஒரு முனை மட்டும் ஊன்றி மறுமுனை அந்தரத்தில் தொங்கினால் முறை தலைகீழ். அடியில் மூன்றில் ஒரு பங்கு அறுத்த பின் மேலிருந்து முடிக்க வேண்டும். அடியிலிருந்து அறுக்கும்போது சங்கிலி மிஷினை உங்களை நோக்கித் தள்ளும் என்பதை நினைவில் வைத்துக் காலை ஊன்றி நில்லுங்கள். பக்கவாட்டில் வளைந்து கிடக்கும் தண்டில், புடைத்த பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். அது விடுபட்டு அந்தப் பக்கமே அடிக்கும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில், தூரை ஒட்டி அறுக்காமல் ஓர் ஆள் நீளமாவது தண்டை விட்டு அறுங்கள். அந்த நீளத்தின் கனம் தூர் எழுந்து திரும்புவதைத் தடுக்க உதவும். அதையே நம்பி யாரும் குழிப் பக்கம் போகக் கூடாது. அறுக்குமுன் தூரைக் கயிற்றாலோ முட்டுக் கொடுத்தோ நிறுத்துவது மேலும் நல்லது. வேலை முடியும் வரை குழந்தைகளும் ஆடுமாடுகளும் குழியருகே வராதபடி ஓர் ஆளை நிறுத்துங்கள்.

மற்றொரு மரத்தின் மேல் சாய்ந்து நிற்கும் மரத்தின் அடியில் நுழைய வேண்டாம். தாங்கும் மரத்தை அறுக்கவும் வேண்டாம். நீளமான கயிறோ கம்பி வடமோ கட்டி டிராக்டரால் எட்ட இருந்து இழுத்துப் படுக்க வைத்த பின் அறுங்கள். இந்த வேலையைப் பழக்கமுள்ளவரிடம் விடுவதே சிக்கனம்.

அறுத்த பிறகு

அறுத்த தண்டுகளைத் தோப்பிலேயே மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, மிச்சமுள்ள தென்னையின் குருத்தைக் குடையும். ஆகவே விரைவில் அப்புறப்படுத்துங்கள். வாள் பட்டுப் பிழைத்த மரத்தில் காயம் விழுந்தால் தார் பூசுங்கள். காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும்.

தனியாக இந்த வேலையில் இறங்க வேண்டாம். எட்டிய தூரத்தில் ஒருவர் எப்போதும் இருக்கட்டும். சுத்தமான துணிக்கட்டு ஒன்று கையோடு இருக்கட்டும். வெட்டு விழுந்தால் மண்ணோ காப்பித்தூளோ வைக்காமல், துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே 108-ஐ அழையுங்கள்.

சாய்ந்த தென்னை சாய்ந்ததுதான். இன்னும் நான்கு நாள் கிடந்தால் கூடுதலாக எதுவும் கெட்டுப்போகாது. அவசரப்பட்டு ஒரு காலை இழந்தால், புதுக் கன்று நட அந்தக் குடும்பத்தில் ஆள் இருக்காது. சங்கிலியைக் கூராக்கி, மரத்தைச் சுற்றிப் பார்த்து, பிறகு அறுங்கள்.