கேட்க வேண்டிய காலத்தில் கேட்பது

தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். பாடத்தை அறிந்திருப்பது வேறு; அதைக் கேட்பவர் மனம் ஏற்கும்படி சொல்வது வேறு. மருத்துவத்திற்கும் இது பொருந்தும் என்பதை என் அண்ணனின் நோய் உணர்த்திற்று.

பத்தாங் காலித் தோட்டத்தில் மரம் சீவிய கை அவருடையது. முதலில் அந்தக் கை தளர்ந்தது. பிறகு நாக்குக் குழறியது. இயக்க நரம்பணு நோய் என்றார்கள். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாய் அழியும் நோய் அது. பேச்சும் விழுங்குதலும் மூச்சும் குன்றும். பெரும்பாலோர்க்கு அறிவு தெளிவாகவே இருக்கும். இளம் மருத்துவர் ஒருவர் சோதனை முடிவுகளை நன்றாக விளக்கிவிட்டு, “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று கோப்பை மூடினார். அவரை நான் நோகவில்லை. அதற்கு மேல் உள்ள பாடத்தை அவருக்கு யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

அப்பாடத்தின் பெயர் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. தாதியாக இருந்து பின் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். புற்றுநோயாளரோடு இந்நரம்பு நோயாளரும் அங்கே சேர்க்கப்பட்டனர். நம் நாட்டில் 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று உதவுகிறது. நரம்பியல் மருத்துவர்கள் இக்கலையைக் கற்றுக் கையாள வேண்டும் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 1996இலேயே வலியுறுத்தியது.

நரம்பியல் பயிலும் மருத்துவர்க்கு இதில் நான்கு பாடங்கள் உண்டு.

முதலாவது கேட்டல். “நோயைப் பற்றி என்ன அறிவீர்கள்? இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்?” என்று கேட்ட பிறகே சொல்லத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது காலம். உணவுக்குழாய் வேண்டுமா, மூச்சு இயந்திரம் வேண்டுமா என்பதை நோயாளிக்குப் பேச்சு உள்ளபோதே கேட்க வேண்டும்.

மூன்றாவது தணித்தல். வடியும் எச்சில், தசைப்பிடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு மருந்துண்டு. மருத்துவர் மேற்பார்வையில் சிறிதளவு மார்ஃபின் மூச்சுத்திணறலின் வேதனையைக் குறைக்கும்.

நான்காவது குடும்பம். இரவு விழித்துப் பார்ப்பவரையும் மருத்துவர் நலம் விசாரிக்க வேண்டும்.

இவற்றைச் சொற்பொழிவால் மட்டும் புகட்ட இயலாது. ஒருவர் நோயாளியாக நடிக்க, பயிற்சி மருத்துவர் கடுமையான செய்தியைச் சொல்லிப் பழகுவார். மூத்தவர் உடனிருந்து திருத்துவார். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்திப் பழகியதும் இம்முறையில்தானே!

எங்கள் வீட்டில் உணவுக்குழாய்க் கேள்வி வந்தபோது அண்ணனுக்குப் பேச்சு போயிருந்தது, கை எழுதவில்லை. அவர் கண்ணசைவைப் படிக்க எங்களுக்கும் தெரியவில்லை. நாங்களே முடிவெடுத்தோம். அவர் விரும்பியது அதுதானா என்ற கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

ஆகவே அன்பர்களே, உங்கள் இல்லத்தில் இத்தகைய நோய் நேர்ந்தால், நோய்த்தணிப்புப் பராமரிப்பு எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் முதல் நாளிலேயே கேளுங்கள். நோயாளியின் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோய் தீராவிடினும் துன்பத்தைத் தணிக்கலாம்.