பிழையைச் சுட்டுவது கருவி, காரணம் சொல்வது மாணவர்

மேல்நிலை முதலாம் ஆண்டில் சி++ கற்பிக்கும் ஆசிரியர்கள் அறிந்ததுதான். நிரலை இயக்கியதும் ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வரும். தமிழ்வழி மாணவர் அதைப் படிக்காமலே, "சார், வரலை" என்பார். நாம் திருத்திக் கொடுத்தால் நிரல் ஓடிவிடும். பிழை ஏன் வந்தது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

தா.பழூர் பகுதியில் உள்ள எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இதற்காக 'கிளாங்' என்னும் நிரல்பெயர்ப்பியைப் பயன்படுத்துகிறேன். இது 'எல்.எல்.வி.எம்.' என்ற கட்டணமில்லாத திறந்தமூலத் தளத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டில் மாணவர் கிறிஸ் லாட்னரும், மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற பேராசிரியர் விக்ரம் அத்வேயும் தொடங்கிய பணி இது. மூல நிரலை ஆராய்ந்து திருத்தம் சொல்லும் கருவிகளும் இத்தளத்தில் உண்டு. வகுப்பில் மூன்று படிகளாகச் செய்கிறோம்.

படி 1: தொடரியல் பிழை
அரைப்புள்ளி விடுபட்டால், அந்த இடத்தை ^ குறியால் காட்டி, அதன் கீழே ; குறியையும் இட்டுக் காட்டும். மாறியின் பெயரில் எழுத்து விட்டுப்போனால், சரியான பெயரைச் சொல்லி 'இதுவா?' என்று கேட்கும். செய்தியின் பொருளைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதிய பிறகே மாணவர் திருத்த வேண்டும்.

படி 2: எச்சரிக்கை
முழு மதிப்பெண் பெற்றவரைக் கண்டறியும் நிரலில், இஃப் கூற்றுக்குள் == 100 என்பதற்குப் பதில் = 100 என எழுதச் சொல்கிறேன். நிரல் ஓடும், ஆனால் எல்லோருக்கும் 'நூற்றுக்கு நூறு' என்று வரும். ஒற்றைச் சமக்குறி மாறியில் 100-ஐ இருத்திவிடுகிறது. சுழியம் அல்லாத மதிப்பு 'சரி' என்றே கொள்ளப்படும். கிளாங் இங்கே எச்சரித்து, இரண்டு வழிகள் சொல்லும்: ஒப்பிடுவதானால் == இடுக; மதிப்பிருத்துவதே நோக்கமானால் கூடுதல் அடைப்புக்குறி இடுக. நிரல் எழுதியவரின் நோக்கம் கருவிக்குத் தெரியாததால், தேர்வை நம்மிடம் விடுகிறது. 'எதைத் தேர்ந்தாய், ஏன்?' என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலுக்குத்தான் நான் மதிப்பெண் தருகிறேன்.

படி 3: தருக்கப் பிழை
எங்கள் ஊர் நெல் விளையும் ஊர். 250 கிலோ நெல்லை 100-ஆல் வகுத்துக் குவிண்டாலாக்கும் நிரலை எழுதுகிறோம். கிலோவை முழு எண்ணாக அறிவித்தால், விடை 2.5-க்குப் பதில் 2 என்றே வரும். 50 கிலோ கணக்கில் காணாமல் போகும். கிளாங் வழக்கமாக இதைச் சொல்லாது. அதே தளத்தின் 'கிளாங் டைடி' என்ற ஆய்வுக் கருவி, உரிய சோதனையை இயக்கினால், முழு எண் வகுத்தலால் பின்னம் இழக்கப்படுகிறது என்று சுட்டும்.

100-க்குப் பதில் 10-ஆல் வகுத்தால் 25 குவிண்டால் என்று வரும். இதை எந்தக் கருவியும் கேட்காது. களத்துமேட்டில் மூட்டை எண்ணிப் பழகிய பிள்ளைதான், "சார், இவ்வளவு வராதே" என்று சொல்ல முடியும். ஆகவே, நிரலை இயக்குமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று எழுதச் செய்யுங்கள். கருவி பார்க்காத பிழையை மாணவர் பார்ப்பதற்கு அந்த ஒரு வரி உதவும்.