பாலைவனத்துப் பொன்னகரம்

வெயிலும் மணலுமே மிகுந்த நிலத்தில் ஒரு நகரம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைபெற்றிருக்குமாயின், அஃது எதனால் நிலைபெற்றது என்று வினவுதல் கற்பார்க்குக் கடமையாகும். இவ்வினாவை உள்ளத்திற் கொண்டே நாம், கடற்கரைப் பட்டினமாகிய நம் புதுவையினின்று புறப்பட்டு, இராசஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தின்கண் உள்ள ஜைசல்மேர் நகரைக் காணச் சென்றோம்.

ஜோத்பூரில் இரவு புகைவண்டி ஏறினோம். பொழுது புலர்ந்தபின் பலகணி வழியே நோக்க, கண்ணுக்கெட்டிய தூரமும் மணலும் முட்புதர்களுமே தோன்றின. பயணம் முடியுந் தறுவாயில், வெளியின் நடுவே ஒரு குன்றும், அதன்மேல் மஞ்சள் நிறக் கோட்டையொன்றும் எழுந்து நின்றன.

அக்குன்றின் பெயர் திரிகூடம். பட்டி மரபினனாகிய இராவல் ஜைசல் என்னும் அரசன், பழைய தலைநகராகிய லோதுர்வாவை நீங்கி, 1156-ஆம் ஆண்டில் இங்குக் கோட்டை எடுப்பித்தான். குன்றின் உயரம் ஏறத்தாழ 250 அடி. கோட்டைக்குக் கொத்தளங்கள் 99. அரண்மனையும், நுண்ணிய சிற்பங்கள் செறிந்த சமணக் கோயில்களும் மட்டுமன்றி, மக்கள் வாழும் தெருக்களும் இன்றுவரை அதனுள்ளே இருக்கின்றன. அடுப்புப் புகையும் குழந்தைகளின் ஆரவாரமும் உள்ள கோட்டையை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

கோட்டையும் ஊரும் பெரும்பாலும் ஒரே வகை மஞ்சள் மணற்கல்லால் ஆனவை. நண்பகலில் வெளிறித் தோன்றும் அக்கல், மாலை வெயில் படுங்கால் உருக்கிய பொன்போல் ஒளிர்கின்றது. பொற்கோட்டை என்னும் பெயர் இதனால் வந்ததே. அந்த ஒரு நிறத்தின் நடுவே, ஆடவர் தலைப்பாகையின் சிவப்பும் காவியும், மகளிர் முக்காட்டின் பச்சையும் நீலமும் பூக்கள் சிதறினாற்போல அசைகின்றன. நிலம் தர மறுத்த வண்ணங்களை மக்கள் தம் ஆடையில் விளைத்துக்கொண்டனர் போலும்!

ஒட்டகச் சாத்துகள் சிந்து நாட்டிற்கும் அதற்கப்பாலும் சென்று மீண்ட காலத்தில், இவ்வூர் வணிகர் பெருஞ்செல்வராயினர். 19-ஆம் நூற்றாண்டிற் பட்வா வணிகர் எழுப்பிய ஐந்து மாளிகைகளின் கல் மாடங்கள் மரத்தில் இழைத்தனபோல் நுண்மை வாய்ந்தவை. பம்பாய்த் துறைமுகத்தின் கடல் வாணிகம் வளர வளர அச்சாத்து வழிகள் நலிந்தன; 1947-இல் நாடு பிரிந்தபோது அவை அறவே அடைபட்டன.

இனி, நாம் தொடங்கிய வினாவிற்கு வருவோம். இந்நகரில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 20 சென்டிமீட்டரே; புதுவையிலோ 120-க்கு மேல். ஆதலின் அந்நாட்டார் ஒவ்வொரு துளியையும் போற்றினர். 14-ஆம் நூற்றாண்டில் காட்சி என்னும் அரசன் பெயரால் அமைந்த காடிசர் ஏரி, நெடுங்காலம் நகரின் குடிநீர்ப் பண்டாரமாய் விளங்கிற்று. சுற்றுப்புறத்துப் பாலிவால் அந்தணர், சரிவில் ஓடும் மழைநீரை மண்கரையால் தடுத்து நிறுத்தி, அவ்வீரத்திலேயே கோதுமை விளைத்தனர். இம்முறைக்குக் காதீன் என்பது பெயர். நெய் சிந்தினால் கேடில்லை, நீர் சிந்தினால் நெஞ்சு எரியும் என்பது அந்நாட்டுப் பழமொழி.

காடிசர் ஏரியின் வாயிலைக் கட்டுவித்தவள் திலோன் என்னும் கணிகை என்பர். தாழ்ந்தவள் கட்டிய வாயிலின்கீழ் மன்னன் செல்வதோ என்று எதிர்ப்பு எழவே, அவள் அதன்மேற் கண்ணன் கோயிலொன்றை அமைத்துவிட, எவரும் அதனை இடிக்கத் துணிந்திலர் என்பது கதை. இதனைக் கேட்டபொழுதே நமக்கு நம் ஊர் ஆயி நினைவிற்கு வந்தாள். தன் மாளிகையைக் கோயிலென்று கருதி வணங்கிய மன்னன் உண்மையறிந்து அதனை இடிக்கப் பணித்தபோது, தானே இடித்து அவ்விடத்திற் குளம் வெட்டினாள் என்று புதுவையிற் கூறுவர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்து நீர் நகருக்குக் கொணரப்பட்டதன் நினைவாக எழுந்த ஆயி மண்டபத்தைப் பாரதி பூங்காவில் நாம் நாடோறும் காண்கின்றோம். பாலையிலும் கடற்கரையிலும் உலகம் இகழ்ந்த பெண்களே நீரறம் செய்து நிலைத்த புகழ் பெற்றனர்!

ஆயினும், போற்றிய காலத்து உயிர் காத்த நீர், போற்றாத காலத்து அழிவு செய்கின்றது. கோட்டைக்குட் குழாய்நீர் வந்தபின், குடங்களில் அளந்து புழங்கிய வீடுகளில் நீர் பெருகிற்று, விடுதிகளும் மிகுந்தன. பழைய வடிகால்களோ அவ்வளவு நீரைத் தாங்குமாறு அமைந்தவையல்ல. கசிந்த நீர் குன்றின் மென்மையான அடித்தளத்தை இளக்கவே, சுவர்கள் பிளந்தன; சில கொத்தளங்கள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-இலேயே இக்கோட்டையை இடருற்ற சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. 2013-இல் யுனெஸ்கோ இதனை ஏனை ஐந்து மலைக்கோட்டைகளுடன் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பகைவர் படையைத் தாங்கிய மதிலுக்குக் கழிவுநீர் பகையாயிற்று.

இது பிறர் ஊர்க் குறையென்று நாம் வாளாவிருத்தல் தகாது. நம் கடற்கரைச் சாலையில், 19-ஆம் நூற்றாண்டிற் கட்டப்பெற்ற நகரசபை மாளிகையாகிய மேரி கட்டடம், 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாத மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பெற்று 2021-இல் திறக்கப்பட்டதெனினும், முன்னோர் கைபட்ட சுவர் மீளவில்லை. நீரறம் செய்த ஆயியின் ஊரில் நீராலேயே நிகழ்ந்த இழப்பு இது.

மாணாக்கர்களே, நகரைக் காப்பது நாள்தோறும் செய்யவேண்டிய சிறு தொழில். தளத்தின் வெடிப்பை மழைக்கு முன் சுண்ணச்சாந்தால் அடைத்தலும், வடிகாலைத் தூர்த்தலின்றி வைத்தலும், ஒழுகும் குழாயை மூடுதலும் நம்மனைவர்க்கும் இயல்வனவே. பொன்னகரை நிலைநிறுத்தியது பொன்னன்று. குடத்தில் எஞ்சிய கடைசித் துளியையும் மதித்த கைகளே அதனை நிலைநிறுத்தின. அக்கைகள் நமக்கும் வாய்க்குமாக.