வெட்டினாலும் தழைக்கும் பிரம்பு

பிரம்பு என்றதும் நாற்காலியும் கூடையும் நம் நினைவுக்கு வருகின்றன. அதைத் தரும் கொடி பனைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறியார். உலகில் 600 வகை அளவில் பிரம்புகள் உள்ளன. அவற்றுள் போர்னியோ, சுமத்திரா, மலாய்த் தீபகற்பம் ஆகியவற்றின் தாழ்நில மழைக்காடுகளில் வளரும் ‘சேகா’ என்னும் பிரம்பைப் பற்றி இங்கு ஆராய்வோம். காட்டில் தானே வளர்வதோடு, குடியானவர்களால் பயிர் செய்யப்பட்டும் வருவது இதன் சிறப்பாகும்.

கொடியின் இயல்பு

தனித்து நிற்கும் வலிமை பிரம்பின் தண்டுக்கு இல்லை. சேகாவின் இலை நுனி சாட்டையைப் போல் நீண்டிருக்கும். அதிலுள்ள வளைந்த முட்கள் கொக்கிகளாக அண்டை மரங்களைப் பற்றிக்கொள்ள, கொடி வெயிலை நாடி மேலே ஏறுகிறது. தண்டை மூடியுள்ள இலையுறையும் முள் நிறைந்தது. அவ்வுறையை நீக்கினால் கிடைப்பதே பிரம்பு. மூங்கிலைப் போல் இதன் உட்புறம் வெற்றிடமாக இராது. ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடிகளாதலால், விதை பெண் கொடியில் மட்டுமே கிடைக்கும்.

அறுவடையில் அறிய வேண்டியது

‘மனாவ்’ என்னும் மற்றொரு பிரம்பு தடித்தது. நாற்காலிச் சட்டத்துக்கு ஏற்றது. 100 மீட்டருக்கு மேலும் நீளக்கூடியது. ஆனால் அதற்குத் தண்டு ஒன்றே. அதை வெட்டினால் கொடியே மாண்டுவிடும். வரம்பின்றி வெட்டியதால் பல காடுகளில் மனாவ் அருகிவிட்டது.

சேகாவோ மெல்லியது, பாயும் கூடையும் முடைய உகந்தது. இது தூர் கட்டி வளரும். முற்றிய தண்டுகளை மட்டும் எடுத்து, இளந்தண்டுகளைக் காத்தால், அதே தூர் மீண்டும் மீண்டும் பலன் தரும்.

கலிமந்தான் குடியானவர்களின் முறை

இந்தோனேசியாவின் கலிமந்தானில், பாரித்தோ முதலிய ஆற்றுக் கரைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே சேகா பயிரிடப்படுகிறது. காட்டைத் திருத்தி நெல் விதைக்கும்போதே பிரம்பையும் ஊன்றுகின்றனர். நெல் அறுவடை முடிந்து நிலத்தைத் தரிசாக விட்டதும் மரங்கள் மீண்டும் எழுகின்றன; பிரம்பு அவற்றைப் பற்றி ஏறுகிறது. ஏழு முதல் பத்து ஆண்டுகளில் முதல் அறுவடை. பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டலாம். உரிய பருவத்தில் வெட்டாவிடினும் பயிர் வீணாவதில்லை. எனவே, பணம் தேவைப்படும்போது எடுக்கும் சேமிப்பாகவும் இது உதவுகிறது. ஏறுவதற்கு மரம் வேண்டியிருப்பதால் மரங்களையும் காக்கின்றனர்.

வெட்டிய பிரம்பைக் கழுவி, உலர்த்தி, கந்தகப் புகை ஊட்டுவர். இதனால் பூச்சியும் பூஞ்சணமும் தடுக்கப்படுகின்றன.

விலையும் காடும்

பயிர் நன்றாயிருந்தால் மட்டும் போதாது. உள்நாட்டு மரச்சாமான் தொழிலை வளர்க்கும் பொருட்டு, இந்தோனேசிய அரசு 1980களின் பிற்பகுதியிலும், பின்னர் 2012 முதலும் பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியைத் தடை செய்தது. பட்டறைகள் பயன் பெறும் என்பது நோக்கம். ஆனால் வாங்குவோர் குறைந்ததால் பயிரிட்டவர்களுக்குக் கிடைத்த விலை வீழ்ந்தது. பிரம்புத் தோட்டங்கள் சில ரப்பருக்கும் எண்ணெய்ப் பனைக்கும் இடம் விட்டன. அங்கே பிரம்போடு, அதைத் தாங்கிய மரங்களும் மறைந்தன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? காட்டைக் காக்குமாறு குடியானவரிடம் கூறினால் மட்டும் போதாது. காட்டுப் பயிருக்கு நியாயமான விலையும் அவருக்குக் கிடைக்க வேண்டும். பதப்படுத்துதலும் பின்னலும் கிராமத்திலேயே நடைபெற்றால், அவ்வருவாயில் ஒரு பங்கு கிராமத்திலேயே தங்கும். தூரைக் காப்பது குடியானவரின் கடமை; அவர் உழைப்புக்கு உரிய விலை கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமை.