குடும்பத் தலைவர் யார்?

ஆடவரே குடும்பத் தலைவர் எனக் கொள்வது நம் வழக்கம். ஆயினும் 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டையைப் பொறுத்தவரை 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே தலைவராகக் கொள்கிறது. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளரிலும் துணைத் தொழிலாளரிலும் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்களே.

வாலாஜாபேட்டை போன்ற நெசவூர்களில் ஆண் தலைவனுக்கு நூல் சுற்ற மனைவியின் கை உண்டு. விதவையான தலைவிக்கோ தறியும் அடுப்பும் தன் கையே. சங்கப் பதிவேட்டில் கணவன் பெயர் மட்டும் இருப்பின், அவனுக்குப்பின் நூலும் கூலியும் அவள் எவ்வாறு பெறுவாள்? வாரிசு நியமனம் பங்குத்தொகையைத் தரலாம். அங்கத்தினர் உரிமையைத் தானே தந்துவிடாது.

ஆகவே, நெய்யத் தெரிந்த மனைவியரை இன்றே தனி அங்கத்தினராகச் சேர்ப்பீர்களாக. துயர் வந்தபின் மனு எழுதுவதினும் இதுவே நன்று என்பது நம் துணிபு.