மறைந்திருக்கும் நிறம்: பாம்பு வளர்ப்பில் ஒடுங்கு மரபணுவும் முதலீடும்

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் இரவு, பாங்காக்கிலிருந்து பெங்களூர் கெம்பே கவுடா பன்னாட்டு விமான நிலையத்துக்கு வந்த விமானமொன்றின் பயணச் சுமைகளைச் சுங்க இலாகாவினர் சோதித்தபோது 78 விலங்குகள் வெளிப்பட்டன. அவற்றுள் 17 ராஜநாகங்கள். 6 கபுச்சின் குரங்குகள் இறந்து கிடந்தன. எஞ்சிய 55-உம் பந்து மலைப்பாம்புகள். அவை பல்வேறு நிற வகைகளைச் சேர்ந்தவை. உயிருடன் இருந்த பாம்புகள் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. ஒரே இனத்துப் பாம்புகள் இத்தனை நிறங்களில் கிடைப்பதும், அந்நிறங்களுக்காக மக்கள் பெரும்பொருள் கொடுப்பதும் எவ்வாறு என்பது ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் ஒருங்கே பயன்படக்கூடிய பாடமாகும்.

பந்து மலைப்பாம்பு மேற்கு, நடு ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு உரியது, நஞ்சற்றது. அச்சமுற்றால் தலையை உள்ளடக்கி உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும். அதன் இயற்கை நிறம் கரும்பழுப்பும் பொன்பழுப்பும் கலந்தது. கருநிறமி அற்ற அல்பினோ வகை ஒடுங்கு மரபணுவால் வருவதென 1992-இலும், உடலின் பெரும்பகுதி திட்டுத்திட்டாக வெளுத்த பைபால்ட் வகையும் அவ்வாறே வருவதென 1997-இலும் அமெரிக்க வளர்ப்பாளர்களின் கூடுகளில் நிறுவப்பட்டன.

ஒடுங்கு மரபணு என்பது, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தாலன்றி வெளிப்படாதது. ஒன்றே இருப்பின் விலங்கு இயல்பான நிறத்துடனேயே தோன்றும். இதற்கு நம் நாட்டிலேயே பெயர்பெற்ற உதாரணம் உண்டு. 1951-இல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் பிடித்து வளர்த்த மோகன் என்ற வெள்ளைப் புலி, பேகம் என்ற சாதாரணப் பெண்புலியுடன் இணைந்து ஈன்ற குட்டிகள் யாவும் மஞ்சள் நிறத்தனவே. பின்னர் அக்குட்டிகளுள் ஒன்றான ராதாவையே மோகனுடன் சேர்த்தபோது 1958-இல் நான்கு குட்டிகள் பிறந்தன, நான்கும் வெள்ளை. கணக்குப்படி பாதியளவே வெள்ளையாக இருத்தல் வேண்டும். நான்கும் வெள்ளையாக அமைவதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்றே. விகிதம் என்பது பல ஈற்றுகளின் சராசரியேயன்றி ஒவ்வோர் ஈற்றுக்கும் தரப்பட்ட உறுதிமொழியன்று என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல சான்று அரிது. தந்தையும் மகளும் இணைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. வேண்டிய மரபணு இரட்டிப்பதற்காகச் செய்யும் இந்த நெருங்கிய கலப்பில், வேண்டாத ஒடுங்கு குறைகளும் இரட்டிக்க வழியேற்படுகிறது.

பாம்புச் சந்தையில் ஒற்றை மரபணு உடையவற்றை ‘ஹெட்’ என்பர். இரு ஹெட் பாம்புகளின் முட்டைகளில் நான்கில் ஒன்று அல்பினோவாகலாம். இயல்பு நிறத்தில் பொரித்த எஞ்சியவற்றுள் மூன்றில் இரண்டு ஹெட். ஆயினும் எந்த இரண்டு என்பதைக் கண்ணால் அறிய இயலாது. எனவே இவை ‘66 சதவீத ஹெட்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. உண்மையில் ஒரு பாம்பு 66 சதவீதம் ஹெட்டாக இருக்க முடியாது. அது ஹெட் அல்லது ஹெட் அன்று. அந்த எண் வாங்குவோரின் அறியாமையை அளக்கிறதேயன்றிப் பாம்பை அளக்கவில்லை. ஐயத்தைத் தீர்க்க அல்பினோவுடன் இணைத்துப் பார்ப்பது வழக்கம். ஆறு முட்டைகளும் இயல்பு நிறத்தில் பொரித்தால், அது ஹெட்டாக இருப்பதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டிலிருந்து 33-இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆனால் வெவ்வேறு மரபணுக்களாலும் வெளிறல் உண்டாகும். அல்பினோவையும் லாவெண்டர் அல்பினோவையும் இணைத்தால் குஞ்சுகள் யாவும் இயல்பு நிறத்துடன் பிறப்பது இதனாலேயாகும்.

இனி முதலீட்டுக் கணக்கு. பெண் பாம்பு ஈனும் பருவம் எய்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் முட்டையிடாது. ஒரு முறைக்குச் சராசரி ஆறு முட்டைகள். அவை பொரிக்க இரண்டு மாதம். அல்பினோ ஆண் ஒன்றையும் சாதாரணப் பெண்களையும் வாங்கித் தொடங்குவோர் முதலில் பெறுவன ஹெட் குஞ்சுகளே. அவற்றுள் பெண்கள் வளர்ந்து தந்தையுடன் இணைந்து அல்பினோக் குஞ்சு காண்பதற்குள் நான்கைந்து ஆண்டுகள் கழிந்துவிடும். இரு வேறு ஒடுங்கு நிறங்களை ஒரே பாம்பில் சேர்க்க விரும்பினாலோ, இரண்டுக்கும் ஹெட்டான பெற்றோரிடம் பதினாறில் ஒரு முட்டையே பயன்தரும்; ஆறு முட்டை கொண்ட ஈற்றுகளில் நூற்றுக்கு 68 வெறுங்கையாகவே முடியும்.

காலத்தாழ்வினும் பெரிய இடர் வேறொன்று. ஒடுங்கு நிறத்தின் விலை அதன் அருமையில் நிற்கிறது. ஆனால் ஒரே வகை அல்பினோ இரண்டு இணைந்தால் பிறப்பன அனைத்தும் அல்பினோ. நிறம் வெளிப்பட்ட அன்றே அது இனிப் பிறழாமல் பெருகும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. வாங்கிய ஒவ்வொருவரும் சில ஆண்டுகளில் விற்பவராகின்றனர். தொடக்கத்தில் பல்லாயிரம் டாலர் பெற்ற பைபால்ட் இன்று அமெரிக்கச் சந்தையில் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. தங்கம் குஞ்சு பொரிப்பதில்லை, பாம்பு பொரிக்கிறது. இவ்வேறுபாட்டை விளம்பரங்கள் கூறுவதில்லை.

நம் நாட்டில் சட்டமும் கணக்கில் சேரும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்ஸ் உடன்படிக்கை இனங்கள் அதன் நான்காம் அட்டவணையில் இடம்பெற்றன. பந்து மலைப்பாம்பு அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பைச் சேர்ந்தது. 2024 விதிகளின்படி, வைத்திருப்போர் பரிவேஷ் 2.0 இணையத்தளத்தில் பதிவு செய்தல் வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவித்தல் வேண்டும். நிற வகை எதுவாயினும் இனம் ஒன்றே. ஆதலால் ‘இது வேறு வகை’ என்னும் சமாதானம் செல்லாது.

களப்பணியாளர் பாம்பின் இனத்தை நிறங்கொண்டு எழுதலாகாது. தலையின் வடிவம், தலைச் செதில்களின் அமைப்பு, மேலுதட்டில் வெப்பக் குழிகள் உளவா என்பன நிறம் மாறினும் மாறாதவை. புகைப்படத்தில் இவை தெளிவாக விழுமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். நம் காடுகளிலும் வயல்களிலும் எப்போதேனும் காணப்படும் வெளிறிய நாகமும் சாரையும் இந்திய இனங்களே. அவற்றைப் பிடித்து வளர்க்க எவருக்கும் உரிமையில்லை. வெள்ளை நாகத்தின் நஞ்சோ மற்ற நாகத்தின் நஞ்சைப் போன்றே கொல்லக்கூடியது.