விலை ஏறும் காலத்தில் வியாபாரியின் கடமை

 

"வியாபாரம் எப்படிப் போகிறது?" என்று கேட்டாலே இப்போது பலரும் பெருமூச்சு விடுகிறீர்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2025-ல் தங்கமும் வெள்ளியும் விலை ஏறின. காஞ்சிபுரம் பட்டுச் சரிகையில் இரண்டுமே இருப்பதால் சேலையின் அடக்க விலையும் ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலும் அந்த அடியைத் தாங்க வேண்டியிருந்தது.

மதீனாவிலும் ஒருமுறை விலைவாசி ஏறியது. விலையை நிர்ணயித்துத் தருமாறு ஸஹாபாக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே என்றும், எவருக்கும் அநீதி செய்யாதவராகத் தம் ரப்பைச் சந்திக்கவே விரும்புவதாகவும் கூறினார்கள். இந்தக் கருத்து அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது.

சகோதரர்களே! சந்தை நம் கையில் இல்லை. ஆனால் வந்த நஷ்டத்தை யார் தலையில் இறக்கி வைத்தோம் என்று நாளை மஹ்ஷரில் நம்மிடம் கேட்கப்படும்.

முதலாவது, கூலியும் பாக்கியும். கஷ்டம் வந்தால் முதலாளி முதலில் நிறுத்துவது தொழிலாளியின் கூலியைத்தான். வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிகளாரின் போதனை. நாட்டின் சட்டமும் இதைச் சொல்கிறது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம்.

இரண்டாவது, வரிக் குறைப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. அந்தக் குறைப்பு வாங்குபவரின் உரிமை. பழைய விலைக்கே விற்று வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால் அது அமானிதத்தில் மோசடி.

மூன்றாவது, அவகாசம். உண்மையிலேயே சிரமப்படும் கடனாளிக்குத் தவணை கொடுக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280-வது வசனம் கட்டளையிடுகிறது. கடன்பட்டவரும் போனை எடுக்காமல் ஒளிந்து திரியக் கூடாது. நேரில் போய் நிலைமையைச் சொல்லி, முடிந்ததைக் கொடுத்து, மீதிக்குத் தேதி எழுதிக் கொடுங்கள்.

இன்று தொழுகை முடிந்து போனதும் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். நாம் பிறருக்குத் தர வேண்டிய பக்கத்தை முதலில் பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் வியாபாரத்தில் ஹலாலையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.